கேள்வி – பதில்: ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்

இந்த இதழில், ஸ்டீரியோ இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர் (வால்யூம் கட்டுப்பாடும் பவர் பகுதியும் ஒரே பெட்டியில் உள்ள ஆம்ப்) பற்றி வந்த கேள்விகள் மட்டும்.

ஒரே விலையில் இரண்டு ஆம்ப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சேனலுக்கு 100 வாட், எடை 9 கிலோ. இன்னொன்று 80 வாட்தான், ஆனால் 18 கிலோ. எதை எடுப்பது?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

இரண்டுமே கிளாஸ் ஏபி (வீட்டு ஆம்புகளில் வழக்கமான சர்க்யூட் வகை), இரண்டிலும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 18 கிலோவை எடுங்கள். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள தூரம் ஒரு டெசிபல்கூட இல்லை. காது அதைக் கண்டுபிடிக்காது. வாட் இரண்டு மடங்கானால்தான் 3 டெசிபல் கூடும்.

அந்த ஒன்பது கிலோ வித்தியாசம் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பிலும் செம்பிலும், வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் அலுமினியத்திலும் இருக்கிறது. ஸ்பீக்கரை ஆட்டும் கரண்ட் முழுவதும் அந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் வரவேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரில் 80 வாட் தர, உச்சத்தில் சுமார் 36 வோல்ட்டும் 4.5 ஆம்பியரும் போதும். ஆனால் 8 ஓம் என்று எழுதியிருக்கும் பல ஸ்பீக்கர்கள் அடித்தொனியில் 4 ஓமுக்கு, சில அதற்கும் கீழே இறங்கும். அந்த நேரத்தில் அதே 36 வோல்ட்டுக்கு 9 ஆம்பியர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் சிறியதாக இருந்தால் வோல்ட்டேஜ் உட்கார்ந்துவிடும். தவிலின் தொப்பிப் பக்கம் அடி விழும்போது முழக்கம் வராமல் 'தொப்'பென்று முடியும்.

இதைத் தாளிலேயே கண்டுபிடிக்கலாம். 8 ஓமில் எத்தனை வாட், 4 ஓமில் எத்தனை வாட் என்று பாருங்கள். 80-க்கு 150, 160 என்று இருந்தால் பவர் சப்ளை உறுதியானது. 100-க்கு 130 என்று நின்றால் அங்கேதான் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். 4 ஓம் கணக்கே கொடுக்கவில்லை என்றால் யோசிக்கவும். வாட் எப்படி அளந்தது என்பதும் முக்கியம். 'இரண்டு சேனலும் ஒருசேர, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓம், 0.1 சதவீதத்துக்குக் குறைந்த டிஸ்டார்ஷன்' என்று எழுதியிருந்தால் அது நேர்மையான கணக்கு. '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதம்' என்றால் அந்த எண்ணைப் பாதியாக்கிப் படியுங்கள்.

மூடியின் காற்று ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டமான டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்தில் 10,000 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேல் பெரிய கெப்பாசிட்டர்கள், சேனலுக்கு இரண்டு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர், அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் கனமான ஹீட்சிங்க்: இவ்வளவும் தெரிந்தால் விலை நியாயம்.

ஒரு விலக்கு உண்டு. 9 கிலோ பெட்டி கிளாஸ் டி (டிரான்சிஸ்டர்களை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும் வகை) என்றால் எடையை வைத்து எடைபோடக் கூடாது. அதில் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (அதிவேக ஸ்விட்ச்சிங்) பவர் சப்ளை. இரும்பும் இல்லை, வெப்பமும் குறைவு. அதற்கும் அதே 8 ஓம் – 4 ஓம் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அதே ஆம்பில் புளூடூத், டாக் (டிஜிட்டல் இசையை அனலாக்காக மாற்றும் DAC), ஸ்ட்ரீமிங் எல்லாம் உள்ளேயே இருப்பது நல்லதா?
– வாசகர், கே.கே. நகர்

ஆம்ப் 20 வருடம் உழைக்கும். ஸ்ட்ரீமிங் மென்பொருள் ஐந்தாறு வருடத்தில் கிழடாகிவிடும். கழற்றி மாற்றும் கார்டாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தைப் பவர் சப்ளைக்குக் கொடுத்துவிட்டு, டாக்கைத் தனியாக வாங்குங்கள். போனோ இன்புட் (ரெக்கார்டு பிளேயருக்கானது) மட்டும் விதிவிலக்கு. எல்பி ரெக்கார்டு வைத்திருப்பவர்களுக்கு உள்ளேயே எம்எம் (மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசித்தலை) போனோ இருப்பது வசதி: இன்புட் 47 கிலோஓம், கெயின் 40 டெசிபல் அளவில் இருக்கும். எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜ் தருவது பெரும்பாலும் அரை மில்லிவோல்ட் அளவுதான். அதற்கு 60 டெசிபல் வேண்டும். பின்பக்கம் எம்எம் – எம்சி சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் 190 வோல்ட்தான் வருகிறது. ஆம்ப் கெட்டுவிடுமா? ஸ்டெபிலைசர் போட்டால் சத்தம் கெடும் என்கிறார்களே?
– வாசகர், உசிலம்பட்டி

190-ல் ஆம்ப் கெடாது, பலம் குறையும். கணக்கு இதோ. உள்ளே 35-0-35 டிரான்ஸ்ஃபார்மர் (நடுமுனைக்கு இருபுறமும் 35 வோல்ட் ஏசி தருவது) என்றால், 230 வோல்ட் வரும்போது டயோடு கழிந்து இருபுறமும் சுமார் 48 வோல்ட் டிசி நிற்கும். 190-ல் அது 40 ஆகிவிடும். வாட் என்பது வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 80 வாட் ஆம்ப் 55 வாட் ஆகிறது. மெதுவாகக் கேட்டால் ஒன்றும் தெரியாது. பழக்கத்தில் வால்யூமை அதே இடத்தில் வைத்தால், உச்சங்கள் வெட்டுப்பட்டு டுவீட்டரை (உச்சத்தொனி ஸ்பீக்கரை) சுடும். மோட்டார் நேரத்தில் வால்யூமை ஒரு படி குறைத்தே வையுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது நள்ளிரவை. மோட்டார்கள் நின்றபின் சில லைன்களில் 250, 260 வோல்ட் ஏறும். அப்போது அதே 48 வோல்ட் 55 ஆகிறது. 63 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் தாங்கும்; 50 வோல்ட் போட்டு மிச்சம் பிடித்திருந்தால் உப்பிவிடும். காற்றுக் காலத்தில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம். அதனால் ஹை-வோல்ட்டேஜ் கட் உள்ள ஸ்டெபிலைசர் கட்டாயம் வேண்டும், 1 கேவிஏ போதும். ரிலே வகை ஒவ்வொரு படிக்கும் 'டக்' என்று தாவும். செர்வோ வகை மெதுவாக நகரும், இசைக்கு அதுவே மேல். அதை ஆம்பிலிருந்தும் ரெக்கார்டு பிளேயரிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் போனோவில் ஏறும். ஐப்பசி இடி மழைக்கு எந்த ஸ்டெபிலைசரும் காப்பு அல்ல. பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி.

ஆம்ப் 'ம்ம்ம்' என்று இரைகிறது. சர்வீஸ் கடையில் வைத்தால் இரைவதில்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் வருகிறது.
– வாசகர், திருநகர்

முதலில் இரைச்சல் பெட்டியிலிருந்தா, ஸ்பீக்கரிலிருந்தா என்று பிரியுங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

பெட்டிதான் இரைகிறது என்றால் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் வீட்டுக் கரண்டைப் பிடிக்காமல் முனகுகிறது. அந்த வட்டமான கோரில் இடைவெளி கிடையாது. மெயின்ஸில் அரை வோல்ட் டிசி கலந்தாலும் கோர் ஒருபக்கமாக நிறைந்து அதிரும். பாதி அலையை மட்டும் இழுக்கும் மலிவான ஹேர் டிரையர், ஹீட் கன் போன்றவை அந்த டிசியைக் கிளப்பும். வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்திலிருந்து வந்தால் டிசி பிளாக்கர் என்ற சிறு பெட்டியை முன்னால் போட வேண்டும். இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், அது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர். சைன் வேவுக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்பீக்கரில் இரைந்தால் பெரும்பாலும் எர்த் லூப் (இரண்டு கருவிகளின் எர்த் கேபிள் வழியாகச் சுற்றாக இணைவது). எல்லா இன்புட் கேபிளையும் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் ஆம்பில் கோளாறு இல்லை. பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது திரும்புகிறதோ அதுதான் ஆள். கேபிள் டிவி, டிஷ், கம்ப்யூட்டர் இம்மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லாப் பிளக்கையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்தாலே பாதி வீடுகளில் தீர்ந்துவிடும். தீராவிட்டால் அந்த ஒரு கேபிளில் மட்டும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ஆம்பின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் எந்த மெக்கானிக் பேச்சையும் கேட்காதீர்கள். இரைச்சல் நிற்கும்; ஒருநாள் உள்ளே ஷார்ட் ஆனால் பெட்டி முழுவதும் ஷாக் அடிக்கும்.

கிளாஸ் ஏ ஆம்ப் வாங்க ஆசை. மேலூர் வெயிலுக்குத் தாங்குமா?
– வாசகர், மேலூர்

தாங்கும், இடம் கொடுத்தால். சேனலுக்கு 25 வாட் தரும் கிளாஸ் ஏ (டிரான்சிஸ்டர்களில் எப்போதும் முழுக் கரண்ட் ஓடும் வகை), பாட்டே இல்லாதபோதும் இருபுறமும் சேர்த்து 150 வாட் அளவுக்கு வெப்பமாகக் கொட்டும். ஹீட்சிங்க் ஒரு வாட்டுக்கு 0.4 டிகிரி ஏறும் தரம் என்றால், ஒருபக்க 75 வாட்டுக்கு 30 டிகிரி. குளிர்நாட்டில் 22 டிகிரி அறையில் அது 52-ல் நிற்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரி அறையில் 70. கை வைக்க முடியாது. டிரான்சிஸ்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் பொறுக்காது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது துறையில் உள்ள பொதுக் கணக்கு. 105 டிகிரி என்று அச்சிட்ட கெப்பாசிட்டர்கள் உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். மேலே 15 செ.மீ., பக்கத்தில் 10 செ.மீ. திறந்திருக்கட்டும், கண்ணாடிக் கதவு ஷோகேஸ் கூடவே கூடாது. தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 45 யூனிட் கூடும்.

பல்லியையும் மறக்காதீர்கள். வெதுவெதுப்பைத் தேடி ஓட்டை வழியாக உள்ளே போய், இரண்டு சாலிடர் முனைகளுக்கு நடுவே செத்துக் கிடந்து போர்டை எரித்த ஆம்புகள் சர்வீஸ் மேசைக்கு வழக்கமாக வருபவை. கொசுவலை கட்டினால் காற்று அடைபடும். 3 மி.மீ. கண்ணுள்ள ஸ்டீல் வலையை அடிப்பக்க ஓட்டைகளுக்கு வெட்டி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள்.

டேம்பிங் ஃபேக்டர் 400 என்று போட்டிருக்கிறது. அவ்வளவு வேண்டுமா?
– வாசகர், ஒத்தக்கடை

ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் வருவது டேம்பிங் ஃபேக்டர். 8 ஓமுக்கு 400 என்றால் அந்த ரெசிஸ்டன்ஸ் 0.02 ஓம். நல்லதுதான், ஆனால் நீங்கள் 1 சதுர மி.மீ. வயரில் 8 மீட்டர் இழுத்தால், போக வர 16 மீட்டருக்கு வயரே 0.27 ஓம். ஸ்பீக்கர் பார்க்கும் டேம்பிங் 27 ஆகச் சுருங்கிவிட்டது. 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் 60-ஐத் தொடும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் நல்ல செம்பு ஃப்ளெக்சிபிள் வயரே போதும். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நீளம் வெட்டுங்கள்.

மைக்செட் தொழிலை விட்டுவிட்டோம். 250 வாட் ஆம்ப் சும்மா கிடக்கிறது. வீட்டு ஸ்பீக்கருக்குப் போடலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

100 வோல்ட், 70 வோல்ட் முனைகளில் வீட்டு ஸ்பீக்கரை மாட்டினால் நொடியில் அதன் கம்பிச்சுருள் (காயில்) கருகும். 8 ஓம் முனையில் ஓடும். ஆனால் பெரும்பாலும் அது மோனோ. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அடித்தொனியும் உச்சத்தொனியும் குறுகும். குழாய் ஸ்பீக்கரில் பேச்சு தெளிவாகப் போக வேண்டும் என்று செய்த பெட்டி அது. விற்றுவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் 120 வோல்ட் ஆம்ப் கொண்டு வருகிறார். ஜப்பான் செட்டும் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கன்வெர்ட்டர் போதுமா?
– வாசகர், திருமங்கலம்

வோல்ட்டேஜை மட்டும் பார்க்காமல் ஹெர்ட்ஸையும் பாருங்கள். பின்பக்கத்தில் '60 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கோரில் காந்தம் 20 சதவீதம் கூடுதலாக ஏறும். சூடும் இரைச்சலும் வரும். '50/60' என்றால் கவலையில்லை. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். அதனால் அங்குள்ள 100 வோல்ட் செட்டுகள் பொதுவாக இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் அதற்கு 100 வோல்ட் கன்வெர்ட்டர் வேண்டும், 120 அல்ல.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், பின்பக்கத்தில் எழுதிய வாட்டைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விஏ (டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு) இருக்கட்டும். சில ஆம்புகளில் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (மெயின்ஸ் பக்கச் சுருள்) இரண்டு பாதியாக இருக்கும். இணையாக இருப்பதைத் தொடராக மாற்றினால் நேராக 230 வோல்ட்டில் ஓடும். சர்வீஸ் மேனுவல் பார்த்துத்தான் செய்ய வேண்டும், பியூஸையும் பாதியாக்க வேண்டும்: 6 ஆம்பியர் இருந்த இடத்தில் 3 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ (மெதுவாக உருகும் வகை).

பழைய ஆம்ப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், சோழவந்தான்

மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். ஸ்பீக்கரையும் இன்புட்டையும் கழற்றி, வால்யூமைச் சுழியத்தில் வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள் (வால்வு ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது). ஸ்பீக்கர் முனைகளின் பிளஸ் – மைனஸ் நடுவே டிசி அளவு: 20 மில்லிவோல்ட்டுக்குள் நன்று, 50 வரை பரவாயில்லை, 100 தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். போட்டதும் சில நொடி கழித்து உள்ளே ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே 'டிக்' என்று விழ வேண்டும். ஒரு சேனல் மெதுவாக இருந்து, வால்யூம் ஏற்றினால் திரும்பி வந்தால் ரிலே முனை கறுத்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் ரிலேயையே மாற்றுவது நல்லது. வால்யூமில் கரகரப்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்க்கலாம். அடித்தும் போகாவிட்டால் முன்னால் இருக்கும் கெப்பாசிட்டரில் டிசி கசியலாம்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றிய செட்டா என்று கட்டாயம் கேளுங்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியில் சந்தையில் போலி ஏராளம். வெளியே எழுத்து சரியாக இருக்கும், உள்ளே சிப் சிறியதாக இருக்கும், சத்தம் ஏற்றிய முதல் நாளிலேயே போகும். மாற்றிய செட்டை முதலில் நேராக மெயின்ஸில் போட விடாதீர்கள். 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போடச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிட வேண்டும்.