சந்தையின் மேல் ஒரு கோபுரம்

கேள்வி: பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரப் படங்களில், தேவாலயக் கோபுரங்களுக்கு நிகராகச் சந்தைச் சதுக்கத்திலும் ஓர் உயர்ந்த கோபுரம் தெரிகிறதே, அதைக் கட்டியது யார்?

பதில்: அது தேவாலயத்தைச் சேர்ந்ததன்று, நகரத்தாருக்கே சொந்தமான மணிக்கோபுரம். இங்கிலாந்துக் கம்பளியை வாங்கித் துணி நெய்து விற்றுச் செழித்த அந்த வணிக நகரம், தன் சந்தைக் கட்டடத்தின் மேலேயே அதை 13ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. நகரத்தின் உரிமைச் சாசனங்களும் கருவூலமும் அங்கேதான் பூட்டிக் காக்கப்பட்டன. ஆகவே 1280இல் மூண்ட தீயில் கோபுரத்தோடு ஆவணங்களும் அழிந்தபோது, நகரம் இழந்தது வெறும் கட்டடத்தை மட்டுமன்று. மீண்டும் எழுந்த கோபுரத்தின் மணிகளே வேலை நேரத்தையும் தீ விபத்தையும் ஊருக்கு அறிவித்தன. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எண்கோண மேல்நிலை சேர்ந்தது. அதன் உச்சியில் வைத்த மரக்கூம்பை 1493இல் இடி எரித்தது, அடுத்து வந்த கூம்பும் 1741இல் எரிந்தது. கூம்பில்லாத இன்றைய தோற்றமே எனக்கு அழகாகப்படுகிறது. சுமார் 83 மீட்டர் உயரம். ஏற 366 படிகள்.

உயரத்தில் அன்னை மரியாள் தேவாலயமே முந்தி நிற்கிறது: முழுவதும் செங்கல்லால் ஆன அதன் கோபுரம் ஏறத்தாழ 115 மீட்டர். ஆனால் அங்கும் வணிகர் கை உண்டு. உள்ளே இருக்கும் மைக்கலாஞ்சலோவின் பளிங்குச் சிற்பமான ‘அன்னையும் குழந்தையும்’, ப்ரூஜின் துணி வணிகக் குடும்பம் ஒன்று இத்தாலியிலிருந்து விலைக்கு வாங்கி வந்தது. அதைப் பிரெஞ்சுப் படையினர் 1794இலும் ஜெர்மானியர் 1944இலும் தூக்கிச் சென்றனர். இரு முறையும் அது திரும்பி வந்துவிட்டது.