மா ஊறும் அந்த அரை மணித்தியாலம்

கேள்வி: என் பள்ளிக்கூடத்துச் சினேகிதி ஒன்பது வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்திருக்கிறாள். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் நடக்கும் பாஸ்தா வகுப்புக்கு எங்கள் இருவருக்கும் பணமும் கட்டிவிட்டாள். நாங்களே மா குழைத்து, விரித்து, வெட்டிச் சமைக்க வேண்டுமாம். இருபத்தைந்து வருடமாகச் சமைக்கிற நீ கோதுமை மா குழைக்கக் காசு கொடுத்துப் பழக வேண்டுமா என்று கணவர் கேட்கிறார். வெளிநாட்டுக்காரர் நடுவில் நின்று பிழை விட எனக்கும் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் பாஸ்தா மெஷின் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் முட்டை சேர்ப்பதும் இல்லை. அவளோடு ஆறுதலாக இருந்து கதைக்கத்தான் எனக்கு ஆசை. போகவா, ஏதாவது சாட்டுச் சொல்லவா?
— ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போய் வாருங்கள். சாட்டு ஒன்றும் வேண்டாம்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, சூடு ஆறுமுன் உடைத்து அரித்து வைக்கிறோமே, அது எதற்காக? பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டுக் கை படப்பட, அதிலுள்ள கிளையடின், குளூட்டனின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து குளூட்டன் என்ற இழுவையான வலையாகிவிடும். அந்த மா உரலில் இறங்காது, பிட்டும் உதிராது. அவிக்கும்போது அந்தப் புரதங்கள் சூட்டில் மாறி, இழுவை போய்விடுகிறது. இத்தனை வருடமாக நீங்கள் அந்த இழுவை வராமல் பார்த்து வந்த ஆள். பாஸ்தாவுக்கோ அந்த இழுவைதான் வேண்டும். வகுப்பில் நீங்கள் பழகப்போவது, உங்கள் கை இதுவரை செய்ததற்கு நேர்மாறான ஒரு வேலை.

ரொட்டிக்குக் குழைத்த கைக்குக்கூட இது புதிதாகத்தான் இருக்கும். வீச்சு ரொட்டி மா எண்ணெயில் ஊறி இளகிக் கிடக்கும். பாஸ்தா மா இறுக்கமானது. பலகையில் மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டையை உடைத்து ஊற்றி, முள்ளுக்கரண்டியால் ஓரத்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுப்பீர்கள். முதல் மூன்று நிமிடம் அது வெடிப்பும் பொருக்குமாகத்தான் நிற்கும். தண்ணீரைத் தேடிக் கை போகும், தெளிக்காதீர்கள். உள்ளங்கை அடியால் தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தள்ளுங்கள். பத்து நிமிடம் போனால் மேற்பரப்பு வழுவழுவென்று வரும். விரலால் அமத்தினால் குழி மெல்ல மெல்ல மேலே எழும். அந்த எழும்புதலை ஒரு தடவை விரலில் உணர்ந்துவிட்டால் போதும். எந்தக் காணொளியைப் பார்த்தும் அது பிடிபடாது. பார்த்துப் பார்த்துத் தோற்ற பிறகு, ஒருவர் என் கையைப் பிடித்து அமத்திக் காட்டித்தான் எனக்கே விளங்கியது.

ஆகவே முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆளுக்கொரு மா உருண்டையா, அல்லது ஆசிரியர் குழைக்க மற்றவர்கள் பார்ப்பதா? பார்க்கிற வகுப்பென்றால் அந்தக் காசு வீண். ஆளுக்கொன்று என்றால், சினேகிதியோ ஆசிரியரோ உதவிக்கு வந்தாலும் உங்கள் உருண்டையைக் கைமாற்றாதீர்கள். பிழை விட்டால் விடட்டும். பக்கத்தில் நிற்கிற வெளிநாட்டுக்காரரும் மா குழைக்கப் பழகத்தான் காசு கட்டி வந்திருக்கிறார்.

அளவு சுலபம். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, ஒருவருக்கு அது தாராளம். முட்டை சின்னதென்றால் மாவில் ஒரு பிடியை எடுத்து ஒதுக்கி வையுங்கள். ‘இரட்டைப் பூச்சிய மா’ என்று ஒன்றைப் பற்றி அங்கே பேசுவார்கள். அந்தப் பூச்சியங்கள் தவிடு எவ்வளவு நீக்கி மா வெள்ளையாக அரைக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கின்றன. அது இல்லாவிட்டால் பாஸ்தா இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலில் வரும் கோதுமையை அரைக்கிற பிறிமா ஆலை நம் சீனக்குடாவிலேயே நிற்கிறது. கடையில் வாங்கும் அந்த மாவிலேயே நல்ல தல்யாதெல்லே, அதாவது நாடா நாடாக வெட்டும் முட்டைப் பாஸ்தா, வரும்.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். குழைத்த மாவை மூடி அரை மணித்தியாலம் ஊற விட வேண்டும். இறுகிய வலை தளர்ந்தால்தான் விரியும். இல்லையென்றால் உருட்ட உருட்டச் சுருங்கும். அந்த அரை மணித்தியாலம் செய்ய வேலையே இல்லை. பல வகுப்புகளில் அந்த நேரத்தில் படம் எடுக்கவும் சோஸ் கிளறவும் கூப்பிடுவார்கள். நீங்கள் இருவரும் தேநீரை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் பிள்ளைகளின் படிப்பு, வீட்டு விலை, யார் யார் செத்தது என்பதோடு கதை முடிந்துவிடும். சேர்ந்து ஒரு வேலை செய்து, கையில் மா காய்ந்திருக்கும்போது வருகிற கதை வேறு. நெடுநாள் பிரிந்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு வேலை கிடைப்பது பெரிய விஷயம் என்று நான் மனதார நம்புகிறேன்.

விரிக்கிற வேலையும் இரண்டு பேருக்கென்றே அமைந்தது. ஒருவர் பாஸ்தா மெஷினின் கைபிடியைச் சுற்றினால் மற்றவர் வெளியே வரும் தகட்டை இரு கையாலும் ஏந்த வேண்டும். கீழே பிடித்த கை தெரிகிற அளவுக்கு மெலிந்தால் சரி. வெட்டும்போது அகலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இத்தாலியின் பொலோனியா நகரத்தில் 1972இல் தல்யாதெல்லேயின் அகலத்தை அவித்த பின் 8 மில்லிமீற்றர் என்று வர்த்தக சபையில் பதிந்தே வைத்தார்கள். உங்கள் கத்தி அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

வீட்டில் மெஷின் இல்லாதது குறையே இல்லை. அதே பொலோனியாவில் பெண்கள் நீளமான கட்டையால்தான் தகடு விரித்து வந்தார்கள். நம் ஊரில் கவனிக்க வேண்டியது காற்று. கச்சான் வீசும் நாட்களில் தகடு நிமிடத்தில் காய்ந்து ஓரம் வெடிக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஈரத்துணியால் மூடுங்கள். மழைக்காலத்திலோ ஒட்டும். நான் முதல் தடவை வீட்டில் செய்தபோது, வெட்டிய நாடாக்களைத் தட்டில் அப்படியே குவித்துவிட்டு இறால் உரிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அத்தனையும் ஒரே கட்டி. ரவை தூவி, சின்னச் சின்னக் குருவிக்கூடாகச் சுற்றி, ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். முட்டை சேர்ந்த மா என்பதால் நம் வெக்கையில் அதிக நேரம் வெளியே கிடக்கக் கூடாது.

அவிப்பதற்கு 100 கிராமுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். வடிக்கிற தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வைத்தால், சோஸ் பாஸ்தாவில் பிடிக்க அந்தக் கஞ்சித்தன்மை உதவும். இறால், உள்ளி, தக்காளி, ஒரு செத்தல் மிளகாய் போதும். கடலுணவோடு இத்தாலியர் பொதுவாகச் சீஸ் தூவுவதில்லை, அந்தச் செலவும் மிச்சம்.

வெள்ளிக்கிழமைக்கும் வழி உண்டு. தெற்கு இத்தாலியில், பூலியா போன்ற பகுதிகளில், முட்டையே இல்லாமல் கடினக் கோதுமை ரவை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, பெருவிரலால் அமத்திச் ‘சின்னக் காது’ வடிவில் பாஸ்தா செய்கிறார்கள். நம் கடை ரவை பருமன். நுண்ணிய ரவையாகப் பார்த்து, கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி கலந்து, 200 கிராமுக்குச் சுமார் 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர் விட்டுக் குழைத்து, ஒரு மணித்தியாலம் ஊற விடுங்கள். விரல் நீளத்துக்கு உருட்டி, சுண்டுவிரல் நுனியளவு துண்டுகளாக வெட்டி, இடியப்பத் தட்டில் வைத்துப் பெருவிரலால் இழுத்து அமத்தினால் தட்டின் பின்னல் அப்படியே பதியும். சோஸ் அந்த வரிகளில் தங்கும். இதை வகுப்பில் காட்டமாட்டார்கள். சினேகிதி விமானம் ஏறுமுன் ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் குசினிக்குக் கூப்பிட்டு நீங்கள் பழக்குங்கள். அவளுக்கும் சேர்த்து இரண்டு தட்டு கழுவி வையுங்கள்.