கொழும்பின் டீசல் புறநகர் ரயில்களுக்கு எதிர்காலம் உண்டா? புதிய ரயில்களை வாங்கினால் போதாதா, மின்மயமாக்கல் தேவைதானா?

வெள்ளவத்தையில் ஏறி கோட்டையில் இறங்கி, பதினொரு வருடம் சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போய் வந்தவன் நான். புதிய டீசல் ரயில் மட்டும் போதாது என்பதே என் பதில்.

புதிய ரயில்களுக்கு நம்மிடம் குறைவே இருந்ததில்லை. 1991இல் ஜப்பானின் எஸ்8 ரக டீசல் ரயில்கள், 2000இல் சீனாவின் எஸ்9, 2011 முதல் சென்னை பெரம்பூரில் செய்த எஸ்11, அதன்பின் எஸ்12, எஸ்13 என்று வந்துகொண்டேதான் இருந்தன. எஸ்8 முப்பது வருடம் தாண்டியும் ஓடியது. அப்படியானால் இன்று வாங்கும் டீசல் செட் 2055 வரை நம்மோடு இருக்கும். இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கரையோரப் பாதையின் இயல்பைப் பாருங்கள். கோட்டையை விட்டதும் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். வேகம் எடுக்கும் முன்பே பிரேக் போட வேண்டும். டீசல் ரயில் தன் எஞ்சினையும் எரிபொருளையும் தானே சுமக்கிறது. அந்த எஞ்சினின் சக்திக்கு மேல் அதனால் இழுக்க முடியாது. மின்ரயிலுக்கு அந்தச் சுமை இல்லை. புறப்படும் அந்தச் சில நொடிகளுக்கு வேண்டிய சக்தியைத் தலைக்கு மேல் போகும் மின்கம்பியில் இருந்து இழுத்துக்கொள்ளும், பிரேக் போடும்போது ஒரு பங்கைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கும். ஸ்டேஷனுக்கு அரை நிமிடம் மிச்சமானாலும் பாணந்துறை போய்ச் சேரும்போது அது பெரிய நேரம். அதே தண்டவாளத்தில் இன்னும் இரண்டொரு ரயிலை விடலாம். காலை ஒபிஸ் ட்ரெயினில் கதவுக் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சென்னை குரோம்பேட்டையில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனபோது கடற்கரை–தாம்பரம் ரயிலில் இந்த வித்தியாசத்தை உடம்பிலேயே உணர்ந்தேன். அந்தப் பாதையில் 1931இலேயே மின்ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அங்குள்ளவர்களுக்கு மின்ரயில் செய்து கொடுக்கும் பெரம்பூர் தொழிற்சாலைதான் நமக்கு டீசல் ரயில் செய்து கொடுத்தது. இங்கே கம்பி இல்லையே, வேறென்ன கேட்க முடியும்?

2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற யாருக்கும் அடுத்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை. டீசலின் ஒவ்வொரு துளிக்கும் டொலர் வேண்டும். மின்சாரத்திலும் நிலக்கரி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல பங்கு லக்ஷபானவிலும் விக்டோரியாவிலும் விழும் நம் தண்ணீரில் இருந்து வருகிறது.

"கரண்ட் போனால்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணை மின்நிலையக் கோளாறில் நாடே இருண்டது. ரயிலுக்கென்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்து மின்சாரம் எடுத்தால் சாதாரணத் தடைகளைச் சமாளிக்கலாம். நாடு முழுவதும் போனால் ரயிலும் நிற்கும். அதற்காகச் சில டீசல் எஞ்சின்களை வைத்திருக்கத்தான் வேண்டும். 1954இல் கனடாவில் இருந்து வந்த எம்2 எஞ்சின்களை இத்தனை காலம் ஓட வைத்தவர்கள் நம் தொழிலாளர்கள். அவர்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை உப்புக் காற்று. கொள்ளுப்பிட்டியில் அலை தெறித்து முகத்தில் விழும். அதே உப்புத்தான் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரிலும் படியும். அதைத் தொடர்ந்து கழுவிப் பராமரிக்கும் செலவை முதல் நாளே கணக்கில் எடுக்காவிட்டால் எல்லாம் வீண்.

ஆகவே வெயாங்கொடையில் இருந்து கோட்டை வழியாகப் பாணந்துறை வரை முதலில் கம்பி போட வேண்டும் என்பேன். கொழும்பில் இருந்து அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதையில் இப்போதைக்கு வேண்டாம். அது குறுகிய பாதையாக இருந்து 1990களில் அகலமாக்கப்பட்டது. வளைவுகள் பழையவை, தண்டவாளமும் ஒற்றை, வீதிக் கடவைகளோ ஏராளம். அங்கே கம்பி போட்டாலும் ரயில் ஊர்ந்துதான் போகும். முதலில் வளைவுகளை நிமிர்த்தி, எதிரெதிர் ரயில்கள் விலகிச் செல்ல இடங்களைக் கூட்ட வேண்டும். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 2023 முதல் பேட்டரி ரயில்கள் ஓடுகின்றன. அவிசாவளைக்குப் பின்னாளில் அது பொருந்தக்கூடும். அதுவரை, கரையோரப் பாதையில் மின்ரயில் வந்ததும் மிச்சமாகும் நல்ல டீசல் செட்களை அங்கே அனுப்பலாம். மஹரகமையிலும் ஹோமாகமையிலும் காத்து நிற்பவர்களுக்கு இன்னும் இரண்டு ரயில் கிடைக்கும்.