கசப்பு மரவள்ளியும் புரதமும்: கேள்வி பதில்

கேள்வி: மரவள்ளி நஞ்சைப் புரதம் எப்படி முறிக்கிறது?

கிழங்கில் இருப்பது லினமாரின் என்ற நச்சுப் பொருள். அதிலிருந்து வெளிப்படும் சயனைடை, நம் உடம்பிலுள்ள ரோடனீஸ் நொதி, நஞ்சு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். ஒரு சயனைடு மூலக்கூறை மாற்ற ஒரு கந்தக அணு வேண்டும். அந்தக் கந்தகம் உணவிலுள்ள மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. மரவள்ளி மாவில் புரதமே மிகக் குறைவு. அதை மட்டுமே உண்பவருக்கு நஞ்சு கிடைக்கிறது, முறிப்பதற்கான பொருள் கிடைப்பதில்லை.

கேள்வி: எவ்வளவு புரதம் வேண்டும்?

மாவில் சயனைடு கிலோவுக்கு 10 மி.கி.க்குள் இருக்கவேண்டும் என்பது சர்வதேச வரம்பு. 50 மி.கி. உள்ள மாவை ஒருவர் நாளைக்கு அரைக்கிலோ தின்றால் 25 மி.கி. சயனைடு. அதற்கு ஏறக்குறைய 140 மி.கி. மெத்தியோனின் செலவாகும். ஒரு முட்டையில் சுமார் 190 மி.கி. உண்டு. ஆனால் தசைக்கும் வளர்ச்சிக்கும் அதே மெத்தியோனின்தான் தேவை. குழந்தைகளுக்கு ஆபத்து அதிகமாவது இதனால்தான்.

கேள்வி: அவரை, தட்டைப்பயறு போதாதா?

உதவும். ஆனால் பயறுகளில் மெத்தியோனின் குறைவு. கருவாடு, மீன், முட்டை, எள் இவற்றில் ஏதாவது ஒன்று கொஞ்சமாவது சேரவேண்டும். மரவள்ளி இலையில் புரதம் நிறைய உண்டு, மெத்தியோனின் அவ்வளவாக இல்லை, சயனைடும் உண்டு. நன்றாக இடித்து வேகவைக்காமல் உண்ணக் கூடாது.

கேள்வி: மீன் இருந்தால் ஊறவைப்பதைக் குறைக்கலாமா?

கூடவே கூடாது. ஒரே வேளையில் நிறைய நஞ்சு உள்ளே போனால், சாப்பிட்ட மீன் செரித்துக் கந்தகம் தருமுன் ஆள் விழுந்துவிடுவார். நஞ்சு பல நாள் தொடர்ந்து உள்ளே போனால் கொன்சோ என்ற கால்முடக்கம் வரும். காங்கோவில் 1938இல் டிரோலி என்ற மருத்துவர் விவரித்ததும், 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் பரவியதும் இந்த நோயே. வறட்சியில் கிழங்கின் நஞ்சு ஏறுகிறது, மீனும் பயறும் தட்டிலிருந்து மறைகின்றன, பசியில் ஊறவைக்கும் நாளும் குறைகிறது. மூன்றும் ஒருசேர வரும்போதுதான் கால் விழுகிறது.

தோலுரித்து, கிழங்கு விரலால் நசுங்கும்வரை மூன்று நாளாவது தண்ணீரில் ஊறட்டும். பிறகு காயவைத்து மாவாக்குங்கள். மாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி வகுத்தது. மாவைப் பாத்திரத்தில் போட்டு உள்சுவரில் மட்டத்தைக் கோடிடுங்கள். தண்ணீர் விட்டுக் கிளறக் கிளற மாவு முதலில் இறங்கும், பிறகு ஏறும். கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். பாயில் ஒரு செ.மீ.க்கு மேல் தடிக்காமல் பரப்பி வெயிலில் 2 மணி, நிழலில் 5 மணி விடுங்கள். சயனைடு காற்றோடு போய்விடும். தடிமனாகப் பரப்பினால் அடியில் தங்கிவிடும். அன்றே கிண்டிச் சாப்பிடவேண்டும்.

கேள்வி: கொன்சோ வந்த குழந்தைக்குப் புரதம் கொடுத்தால் நடக்குமா?

புரதத்தால் முடக்கம் குணமாகாது. சிதைந்த நரம்பு மீளாது. தசைப் பயிற்சியும் ஊன்றுகோலுமே துணை. ஆனாலும் நஞ்சு நீக்கிய மாவும் நல்ல புரதமும் உடனே கொடுங்கள். இரண்டாவது தாக்குதல் முதலாவதைவிட மோசமாக முடக்கும்.

கேள்வி: குமரிமாவட்டத்தில் மரச்சீனியும் (மரவள்ளி) மீன்குழம்பும் தினமும் உண்கிறோம். பயப்படவேண்டுமா?

வேண்டாம். நீங்கள் உண்பது பெரும்பாலும் நஞ்சு குறைந்த இனிப்பு வகை, கூட மீனும் இருக்கிறது. சிறு துண்டாக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். கசந்தால் அந்தக் கிழங்கே வேண்டாம். உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும். தயோசயனேட் தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும்.