பங்காளி வீட்டு விருந்தாளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேம்பிரிட்ஜ் பற்றிய உங்கள் குறிப்பில், அமெரிக்காவிலிருந்து அங்கே படிக்கப் போன கவிஞர் சில்வியா பிளாத் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் குளிரையும் சாப்பாட்டையும் சொல்லிப் புலம்பினார் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நம் ஊரிலிருந்து போகிற பிள்ளைக்கு மொழி, சோறு, குளிர் எல்லாமே புதிது. அவன் தவித்தால் நியாயம். அமெரிக்கருக்கு இங்கிலாந்து தாய்வீடு அல்லவா? அதே மொழி, அதே தேவாலயம், அதே ரொட்டி. இதை வசதியாக வளர்ந்தவர்களின் சிணுங்கல் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஊர் சுற்றிப் பார்க்கத்தான் அவர்களுக்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

சிணுங்கல் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'தாய்வீடு' என்கிறீர்களே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அது பங்காளி வீடு. 1776இல் சண்டை போட்டுப் பாகம் பிரித்துக்கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து திண்ணையில் உட்காருகிறார்கள். முகச்சாயல் ஒன்றுதான், சாமியும் ஒன்றுதான். ஆனால் அடுக்களையில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கேட்கவும் கூச்சம். நம் பையன் தெரியாது என்று சொன்னால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிளாத் 1955 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்து வந்து இறங்கியபோது அவருக்கு 22 வயது. வந்தது ஃபுல்பிரைட் உதவித்தொகையில். உலகப் போர் முடிந்ததும் வெளிநாடுகளில் அமெரிக்கா விட்டுவைத்த உபரித் தளவாடங்களை விற்ற காசில் தொடங்கிய திட்டம் அது. லாரியும் கூடாரமும் விற்ற பணத்தில் பிள்ளைகள் கவிதை படித்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.

நியூன்ஹாம் கல்லூரியைச் சேர்ந்த ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் அவருக்கு அறை கொடுத்தார்கள். அறையைச் சூடாக்க ஓர் எரிவாயு அடுப்பு, பக்கத்தில் காசு போடும் மீட்டர். ஒரு ஷில்லிங்கைப் போட்டுத் திருகினால் 'உஸ்' என்று நீலச் சுடர் எழும். எதிரே உட்கார்ந்தால் முழங்கால் வெந்துபோகும், முதுகு விறைத்தபடியே இருக்கும். ஷில்லிங் தீர்ந்ததும் சுடர் சுருங்கி அணையும். பையில் இன்னொரு ஷில்லிங் இல்லையென்றால் மேலே இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். வீடு முழுவதும் குழாய் வழியே வெப்பம் ஓடும் ஊரில் வளர்ந்த பெண் அவர். சளியும் சைனஸும் அந்தக் குளிர்காலத்தில் அவரை விடவில்லை.

அந்தக் காசுக் கணக்கும் ஒரு தொல்லை. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. நூறு சென்ட் ஒரு டாலர் என்று பழகியவர் கடையில் கைநிறையச் சில்லறையை நீட்டிக்கொண்டு விழிக்க வேண்டும். அதே ஆண்டு மதராஸிலிருந்து போன மாணவருக்கு இது பெரிய புதிராக இருந்திருக்காது. ரூபாய், அணா, தம்படி என்று அவரும் பன்னிரண்டிலும் பதினாறிலும் எண்ணி வளர்ந்தவர்தானே. நமக்கு நயா பைசா வந்ததே 1957இல்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். பிரிட்டனில் ரேஷன் முழுமையாக நீங்கியது 1954 ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினத்தன்று அது அமைந்தது தற்செயல்தான். பதினான்கு ஆண்டுகள் அளந்து சமைத்துப் பழகிய கைகள் ஓராண்டில் மாறிவிடுமா? வேகவைத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த கோஸ், மறுநாளும் அதுவே.

குளிரையும் கோஸையும்விட மொழிதான் இவர்களை அதிகம் சறுக்கிவிடுகிறது. இதை நானே பக்கத்திலிருந்து பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் கேம்பிரிட்ஜில் ஒரு வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். மாடியறையில் ஓர் அமெரிக்க மாணவி. ஒரு நாள் காலை உணவு மேஜைக்குத் துள்ளிக்கொண்டு வந்தார். ஆசிரியர் அவருடைய கட்டுரையின் ஓரத்தில் 'குவைட் குட்' என்று எழுதியிருந்தாராம். அமெரிக்கர் பேச்சில் 'குவைட்' என்றால் பெரும்பாலும் 'மிகவும்'. இங்கிலாந்தில், அதுவும் ஓர் ஆசிரியர் கையால், அது 'பரவாயில்லை' என்ற அளவுதான். வீட்டுக்கார அம்மாள் தேநீர்க் கெட்டிலைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு மாணவியின் கோப்பையை விளிம்பு வரை நிரப்பிவிட்டு உள்ளே போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்கு வியாழக்கிழமைக்குள் தெரிந்துவிட்டது.

அன்று எனக்கு ஓர் அற்பப் பெருமை வந்தது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் லிஃப்ட், லாரி, பெட்ரோல், தரைத்தளத்துக்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி என்பதெல்லாம் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டவை. ஆண்டவன் கொடுத்ததல்ல, ஆண்டவர்கள் விட்டுப்போனது. அந்தப் பெண்ணோ 'முதல் மாடி' என்று படித்துவிட்டுத் தரைத்தளத்தில் வகுப்பைத் தேடியவர். லண்டனில் தெருவைக் கடக்கும் இடங்களில் 'வலப்பக்கம் பார்' என்று தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியும் இடப்பக்கம் பார்த்துவிட்டு இறங்கப்போன அவரைத் தோள்பையைப் பிடித்து இழுத்தேன். சிவப்புப் பஸ் ஒன்று காற்றை வீசிவிட்டுப் போனது. அவர் வெட்கப்பட்டதால் சர்ச்சில் கதையைச் சொன்னேன். 1931 டிசம்பரில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில், இங்கிலாந்துப் பழக்கத்தில் தவறான பக்கம் பார்த்துவிட்டு இறங்கி, காரில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார் அவர்.

கவிஞர் டி. எஸ். எலியட் 1914இல் அமெரிக்காவின் ஹார்வர்டிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டின் மெர்டன் கல்லூரிக்கு வந்தவர். ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்கமயமாகிவருவதைக் கண்டித்து அங்கே மாணவர்கள் ஒரு விவாதம் நடத்தினார்கள். இவர் எழுந்து, நாடகம், இசை, நடனம், காக்டெய்ல் எல்லாவற்றிலும் நீங்கள் எங்களுக்குப் பட்ட கடன் எவ்வளவு தெரியுமா என்று கேட்டார். தீர்மானம் தோற்றது. ஊர் அழகுதான், ஆனால் செத்துக்கிடக்க எனக்கு விருப்பமில்லை என்ற தொனியில் நண்பருக்குக் கடிதமும் எழுதினார். அதே மனிதர் 1927இல் பிரிட்டிஷ் குடிமகனாகிவிட்டார். பங்காளி உறவு அப்படித்தான்.

அவர்களுக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். லண்டனின் டவர் பாலமும் அரண்மனையும் எல்லோருக்கும் பொது. ஆனால் லண்டனின் சதர்க் பேராலயத்தில் ஹார்வர்ட் பெயரில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டுக்கு 1607இல் ஞானஸ்நானம் நடந்த இடம் அது. அவர் படித்தது கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில். அதே ஊரில் 'ஈகிள்' என்ற மதுக்கடையின் பின்கூடத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ், அமெரிக்க விமானப்படையினர் மெழுகுவர்த்தியாலும் சிகரெட் லைட்டராலும் கூரையைக் கருக்கி எழுதிய பெயர்களும் படை எண்களும் இன்னும் இருக்கின்றன. அந்த மாணவி அங்கே கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்.

சில மைல் தள்ளி மேடிங்லியில் அமெரிக்கப் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம். வளைந்து வளைந்து போகும் வரிசைகளில் 3,800க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு ஒரு நீண்ட சுவர், அதில் 5,100க்கும் மேற்பட்ட பெயர்கள். ஜான் கென்னடியின் அண்ணன் பெயரும் அங்கே இருக்கிறது. நான் பெயர்களைப் படித்தேன். அந்த மாணவி ஒவ்வொரு பெயரோடும் பொறித்திருந்த மாநிலத்தைப் படித்தார். தன் மாநிலம் வந்தபோதெல்லாம் கொஞ்சம் நின்றார்.

சிணுங்கலா என்ற கேள்விக்குத் திரும்பினால், எனக்கு முழு மனதாக 'ஆம்' சொல்ல வாய் வரவில்லை. 1962–63 குளிர்காலத்தில் லண்டன் வீட்டில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்துபோக, இரண்டு சிறு குழந்தைகளோடு பிளாத் அதே குளிரைப் பற்றி மறுபடி எழுதினார். அந்த பிப்ரவரியைத் தாண்டி அவர் இருக்கவில்லை.

ஆனால் கேம்பிரிட்ஜ் கடிதங்கள் குளிரோடு முடிவதில்லை. 1957 வசந்தகாலத்தில் ஒரு நாள், விடியுமுன் எழுந்து கணவர் டெட் ஹியூஸோடு கிராண்ட்செஸ்டர் புல்வெளிக்கு நடந்திருக்கிறார். வேலியைத் தாண்டப் போட்டிருக்கும் மரப்படியில் ஏறி நின்று, நினைவிலிருந்த பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் வரிகளை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் வந்து கூடி நின்றுவிட்டன. இவ்வளவு அறிவுள்ள சபை தனக்குக் கிடைத்ததே இல்லை என்று அம்மாவுக்கு எழுதினார். 'குவைட் குட்' என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.