தென்னந்தோப்பில் விமானிகள் விருந்து: ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மகன் பிபிஎல் (PPL, சொந்தத்துக்கு மட்டும் விமானம் ஓட்டும் தனிநபர் விமானி உரிமம்) எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அவனோடு பறக்கும் நண்பர்கள் ஏழெட்டுப் பேரைத் தை மாதம் அழைத்து விருந்து வைக்க ஆசை. சின்ன விமானங்களிலேயே வந்து இறங்கி, இரவு தங்கி, மறுநாள் காலை கிளம்புவார்கள். தோப்போரம் 600 மீட்டர் நீளத்துக்குக் காலி நிலம் உண்டு. கோவை ஏஜென்ட் ஒருவர் மூன்று லட்சம் கொடுத்தால் “எல்லா அனுமதியும்” வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஊர்க்காரர்களைத் தலைக்கு 2,000 ரூபாய் வாங்கி ஒரு சுற்று ஏற்றிவிட்டால் செலவு திரும்பிவிடும் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். விருந்தைத் தாராளமாக வையுங்கள். விமானங்கள் கோவை விமான நிலையத்தில் இறங்கட்டும், விருந்தாளிகள் காரில் தோப்புக்கு வரட்டும். ஒரு மணி நேரப் பயணம்தான். வேலந்தாவளம் வழியாக வந்தால் வழியெல்லாம் பார்க்கவும் அழகு.

முதலில் அந்த 600 மீட்டர். நான்கு இருக்கைச் சின்ன விமானமான செஸ்னா 172 முழு எடையோடு, கடல் மட்டத்தில், 15 டிகிரி குளிரில், நல்ல தார்த்தளத்தில் கிளம்பி 50 அடி உயரத்தைத் தாண்ட ஏறத்தாழ 500 மீட்டர் வேண்டும் என்று அதன் கையேடு சொல்கிறது. அது புது எஞ்சினும் தேர்ந்த விமானியும் கொடுக்கும் கணக்கு. உங்கள் நிலம் கடல் மட்டத்தில் இல்லை, தளம் மண், தையில்கூட மதியம் வெயில் முப்பதைத் தாண்டும். சூடான காற்று மெலிந்தது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிமானம் குறையும், ஓட வேண்டிய தூரம் நீளும். போதாக்குறைக்குத் தளத்தின் கோடியில் நிற்பது தென்னை. நன்கு வளர்ந்த நெட்டைத் தென்னை 50 அடியோடு நிற்காது. இடுக்கியில் வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்ற ஊரில் என்சிசிக்காக அரசே போட்ட 650 மீட்டர் ஓடுதளத்தில் முதல் விமானம் இறங்கியது 2022 டிசம்பரில். அது இரண்டே இருக்கை கொண்ட இலகு விமானம். அதற்கு முன் நடந்த முயற்சிகள் பக்கத்துக் குன்றால் நடக்காமல் போயின, மழையில் தளத்தின் ஓரமும் சரிந்தது. அரசாங்கத்துக்கே அந்தப் பாடு என்றால், தோப்போரத்து மண்ணில் ஏழெட்டு விமானங்களை இறக்க நினைக்கவே வேண்டாம்.

தை மாதம் என்கிறீர்கள். பாலக்காட்டுக் கணவாயில் அந்த மாதம் கிழக்குக் காற்று எவ்வளவு பலமாக வீசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் இளைஞர்களுக்கு அது தெரியாது. மகனை முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த “எல்லா அனுமதியும்”. இதில்தான் என் வயிறு எரிகிறது. ஒவ்வொரு பறப்புக்கும் விமானி பறப்புத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் ஒன்றும், பறப்புத் தகவல் மையத்தின் எண் ஒன்றும் வாங்க வேண்டும். முதலாவதை ஏ.டி.சி. (ADC) நம்பர் என்பார்கள். கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களை வழிநடத்துபவர்களைத் தமிழில் எழுதினாலும் ஏ.டி.சி. (ATC) என்றுதான் வரும். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, வேலை வேறு. இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் காசு பார்க்கிறார்கள். “ஏ.டி.சி.யில் ஆள் இருக்கிறார், இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கிவிடலாம்” என்று சொல்வார்கள். அந்த எண் பறக்கப்போகும் பறப்புக்காக அப்போது தரப்படுவது. முன்கூட்டி மொத்தமாக வாங்கிவைக்க அது சினிமா டிக்கெட் இல்லை. கேட்க வேண்டியவர் விமானி, கிடைப்பதும் அவருக்கே. அருகில் சூலூர் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்த வானில் இது சம்பிரதாயத்துக்கான எண்ணும் இல்லை.

தரகர் ஏன் பிழைக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பது வருடம் பயிற்றுநராக இருந்தவன் நான். ஒரு தடவை காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய இரண்டு இருக்கை விமானத்துக்கு, ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்ட, அது திரும்ப முதல் அலுவலகத்தையே கைகாட்ட, பதினொன்றரைக்குத்தான் எண் வந்தது. அதற்குள் வெயில் ஏறி, மலையோரக் காற்று குலுக்க ஆரம்பித்திருந்தது. பறப்பை ரத்து செய்தோம். பாதுகாப்புக்கென்று வைத்த நடைமுறை, பாதுகாப்பான நேரத்தைத் தின்றுவிட்டது. நம் நாட்டில் விதிகளும் படிவங்களும் பெரிய விமான நிறுவனங்களை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. ஒரு விமானமும் ஒரு தொலைபேசியும் மட்டும் உள்ளவன் கண்ணுக்கே தெரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

“புதுச் சட்டம் வந்துவிட்டது, எல்லாம் தளர்ந்துவிட்டது” என்றும் சொல்லியிருப்பாரே? 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டம் போய், பாரதிய வாயுயான் அதிநியமம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது உண்மை. அது உங்கள் தோப்பை விமான நிலையமாக்கிவிடவில்லை. விருந்தாளிகளின் குடும்பத்தை விமானங்கள் நிற்கும் இடம்வரை அழைத்துப்போய்ப் படம் எடுக்கலாம் என்ற வாக்குறுதியையும் நம்பாதீர்கள். அங்கே போக நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும், அது ஆசைப்பட்டவர்களுக்குத் தரப்படுவதில்லை.

தலைக்கு 2,000 ரூபாய்ச் சுற்று இருக்கிறதே, அதை வாயால்கூடச் சொல்லாதீர்கள். பிபிஎல் வைத்திருப்பவர் எந்த வகையிலும் ஊதியம் பெறாமல்தான் பறக்க வேண்டும். காசு வாங்கிப் பயணிகளை ஏற்ற வேறு உரிமம், வேறு அனுமதி, வேறு வகையில் பதிவான விமானம் எல்லாம் வேண்டும். பணம் வாங்கியது தெரிந்தால் மகனின் உரிமம் போகும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் “எரிபொருள் செலவைப் பயணிகளோடு சமமாகப் பங்கு போடலாமே” என்பார்கள். அது அந்த நாட்டு விதி.

அடுத்தது மது. விருந்து என்றால் அந்தப் பேச்சு வரும். விமானத்தை இயக்கப்போகிறவர் கிளம்புவதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மதுவைத் தொடக்கூடாது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பறப்பு என்றால், முந்தைய இரவு எட்டு மணிக்கே கோப்பை மேசைக்குத் திரும்பிவிட வேண்டும். 12 மணி நேரம் கழிந்த பின்னும் உடம்பில் மதுவின் தடம் இருக்கலாம், சோதனைக் கருவியில் பூஜ்யம் வர வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் வளைக்கிறார்கள். உரிமம் வைத்திருப்பவர் எல்லாருமே அன்றைக்கு விமானி இல்லை. நண்பரின் விமானத்தில் வெறும் பயணியாகப் பின் இருக்கையில் வந்தவருக்கு இந்த 12 மணி நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் அவர் பின் இருக்கையிலேயே இருக்க வேண்டும். நடப்பது என்ன? காலையில், “மாப்ளே, முன்னாடி வந்து உட்காரு, கொஞ்ச நேரம் நீயும் பிடி” என்று நண்பர் கூப்பிடுவார். வலப்பக்க இருக்கையிலும் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. அதைப் பிடித்த கணமே அவர் பயணி இல்லை. தரையில் யாரும் பார்க்கவில்லை என்றாலும், நடுவானில் இடப்பக்கத்தவருக்கு மயக்கம் வந்தால் விமானத்தை இறக்க வேண்டியவர் ராத்திரி குடித்தவர்தான். ஆகவே யார் யார் ஓட்டுகிறார்கள், யார் பயணி என்பதை முந்தைய இரவு சாப்பாட்டுக்கு முன்பே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். காலையில் அதை மாற்றவிடாதீர்கள். அப்பா சொன்னால் கேட்பார்கள்.

எரிபொருளில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரிய விமானங்களுக்கான ஏடிஎஃப் வேறு, பிஸ்டன் எஞ்சினுக்கான அவ்காஸ் வேறு. பிஸ்டன் எஞ்சினுக்கு ஏடிஎஃப் ஊற்றினால் கிளம்பிய சற்று நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும். அவ்காஸ் 100 எல்எல் நீல நிறம், விமானி கண்ணால் பார்த்தே ஊற்றட்டும். எல்லா நிலையத்திலும் அது கிடைக்காது. ஆகவே அழைப்பு அனுப்பும்போதே, திரும்பிப் போகும் எரிபொருளுக்கு வழி செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். “பெட்ரோலில் ஓடும் ரோட்டாக்ஸ் எஞ்சின்தானே, கோபாலபுரம் பங்கில் கேன் பிடித்துவரலாம்” என்று ஒருவர் கிளம்புவார். இலகு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். சாலையில் வண்டி நின்றால் ஓரம் கட்டலாம்.

மறுநாள் வழியனுப்பு. நம் பக்கத்து மனசு எனக்குத் தெரியும், வெறுங்கையோடு யாரையும் அனுப்பமாட்டீர்கள். ஆனால் நான்கு இருக்கை இருப்பதால் நான்கு ஆளும் முழு டாங்கும் மூட்டையும் போகும் என்று அர்த்தமில்லை. செஸ்னா 172-இல் ஆள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்ந்தே நானூறு கிலோவுக்குள் அடங்க வேண்டும். ஆளுக்கு இருபது தேங்காயும் ஒரு பலாவும் கொடுத்தால், ஒரு விமானத்துக்கு இன்னொரு ஆள் ஏறிய கணக்கு. சிப்ஸ் பொட்டலம் போதும், தேங்காயை லாரியில் அனுப்புங்கள். மதியச் சாப்பாடு வேண்டாம். இட்லி, காபியோடு ஒன்பது மணிக்குள் அனுப்பிவிடுங்கள். சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்கு மேல் கண்பார்வைப் பறப்பு கிடையாது, வருகிறவர்களும் அதற்கு வெகு முன்பே இறங்கியாக வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவது குற்றம். வழியில் சாப்பிட்ட பொட்டலங்களைக் காரிலேயே வைத்துத் தோப்புக்குக் கொண்டுவரட்டும். விமானத்தில் மோதக்கூடிய காக்கைக்கும் பருந்துக்கும் மயிலுக்கும் அங்கே தீனி வேண்டாம்.

முன்பணம் ஏற்கனவே கொடுத்திருந்தால், எந்த அனுமதி, எந்த அலுவலகம், யார் பெயரில், எந்தத் தேதிக்கு என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார். அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.