கறுத்த விரலும் ஆக்சிஜன் அறையும்

உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் படுத்தால் சர்க்கரை நோயாளியான அம்மாவின் செல்கள் சிதைந்து புற்றுநோய் வருமா என்று ஒன்றரைப் பக்கம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “காவடிக்கு வெறுங்காலோடு நடந்ததில் வந்த கொப்புளம் புண்ணாகிவிட்டது. இப்போது வலியில்லை, சுண்டுவிரல் நுனி மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது.” மொரீஷியஸின் ரோஸ் ஹில் வாசகிக்கு முதல் பதில் அந்த வரிக்குத்தான். காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்தானே உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது?

பல ஆண்டுச் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மரத்துப்போகும். வெயிலில் கொதித்த தார்ச்சாலை சுட்டதே அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. வலி நின்றது நல்ல செய்தியன்று. விரல் கறுக்கிறது என்றால் அங்கே ரத்தம் போதாமல் திசு சாகிறது. இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மொரீஷியஸில் அதற்குக் காசு கேட்பதில்லை. சிவப்பு மேலேறினாலோ, நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ நள்ளிரவானாலும் கிளம்புங்கள். பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்ப்பார்கள், டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டத்தைக் கேட்பார்கள். அடைப்பு இருந்தால் அதைத் திறப்பதுதான் முதல் வேலை. வாய்க்கால் தூர்ந்துகிடக்கும்போது ஏரியை நிரப்பி என்ன பயன்?

இனி அந்த அறை. சாதாரணக் காற்றிலேயே, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டித் தூய ஆக்சிஜனைத் தந்தால் அது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலேயே கரைகிறது. 100 மில்லி ரத்தத்தில் வெறும் 0.3 மில்லியாகக் கரைந்திருப்பது, 3 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் 6 மில்லி வரை ஏறும். மூச்சுத் திணறிக் கிடந்த வெள்ளணுக்களுக்குக் கிருமியைக் கொல்லும் வலு திரும்புகிறது. புண்ணை மூடும் செல்கள் திசுவைக் கட்டும் புரதமான கொலாஜனை உருவாக்குகின்றன. புதிய நுண்குழாய்கள் துளிர்க்கின்றன. இணையம் பயமுறுத்தும் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது செல்லைச் சேதப்படுத்தக்கூடிய மூலக்கூறுகள், உண்டாவதும் உண்மைதான். அவற்றை அடக்கும் நொதிகள் செல்லுக்குள்ளேயே இருக்கின்றன. அந்த நொதிகளின் சக்தியை மீறாதிருக்கவே நேரத்தையும் அழுத்தத்தையும் அளந்து கொடுக்கிறார்கள். புற்றுநோயைக் கிளப்பும் என்பதற்கு ஆதாரமில்லை; கதிர்வீச்சால் திசு கெட்ட புற்றுநோயாளிகளுக்கே இச்சிகிச்சை தரப்படுகிறது. காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். பார்வை மங்கினாலும் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ தெளியும். உள்ளே இருக்கும்போது சர்க்கரை இறங்கலாம், ஆகவே நுழையுமுன் சோதிக்கவேண்டும்.

கேப்ஸ்யூலை உடைத்து ஆன்டிபயாடிக் பொடியைப் புண்ணில் தூவுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்யச் சொன்னது யார்? போதாததற்கு மஞ்சள் வேறு! கொதித்து ஆறிய நீரால் கழுவி, சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, அம்மாவை நடக்கவிடாமல், மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.